தோட்டத்து மூத்தோரும் பெயரனும்

பேரன் என்று இன்று வழங்கும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்கியவள் பெயர்த்தி. தந்தையின் பெயரைத் தன் மகனுக்கு இட்டு வழங்கும் இவ்வழக்கம் சங்கப் பாடல்களிலேயே சுட்டப்பெறும் பழமை உடையது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அண்மைக் காலம் வரை தலைப்பிள்ளைக்குப் பெயர் தேடும் தொல்லை பெரும்பாலும் இருந்ததில்லை. பெயர் முன்னரே இருந்தது. அதைத் தாங்க ஒரு பிள்ளை பிறக்க வேண்டியதே எஞ்சியிருந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லுதல் ஆகாது என்பது ஊர் வழக்கு. ஆகவே பெற்ற தாயே தன் மகனைப் பெயர் சொல்லி அழைக்க இயலாமல், பெரியவன் என்றும் ராசா என்றும் வேறு பெயரால் அழைத்து வளர்த்தாள். அவள் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு வேளையும் மாமனார் நினைக்கப்பட்டார் என்றே கொள்ளவேண்டும்.

சிற்றூரில் வாழ்ந்து மூத்து மறைந்தவர் எவ்வாறு நினைக்கப்பட்டார் என்று ஆராயப் புகுவோர் முதலில் நடுகல்லை நாடுவது இயல்பே. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதை நட்டு வாழ்த்துவது வரையுள்ள நிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட, தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் அவ்விலக்கணத்துக்கு மண்ணிலிருந்து கிடைத்த சான்றுகளாக நிற்கின்றன. எனினும் அக்கற்கள் பெரும்பாலும் ஆநிரைப் பூசலில் பட்ட வீரர்க்கு உரியவை. பிற்கால ஊர் வழக்கிலும் கருவுற்றிருந்து இறந்த பெண்ணுக்குச் சுமைதாங்கிக் கல் எழும். அடிபட்டு இறந்தவன் எல்லைச்சாமி ஆவான். அகாலத்தில் அறுந்த உயிர்க்கே கல். ஆண்டு நிரம்பி, மக்களும் பெயரரும் சூழ்ந்திருக்கப் பாயில் கிடந்து கண்மூடிய கிழவனுக்குக் கல் எடுத்தார் என்பதைக் காண்டல் அரிது. அவன் சாவைக் கல்யாணச் சாவு என்றனர். குறை எதுவும் விட்டுச் செல்லாதவனைக் கல்லில் நிறுத்தவேண்டிய தேவை ஊரார்க்குத் தோன்றவில்லை.

முதுமக்கள் தாழி என்னும் பெயர் இதற்கு மாறுபோலத் தோன்றலாம். ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்னும் செருமானிய அறிஞர் தோண்டிப் பார்த்ததும், பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்ததும், 2004ஆம் ஆண்டு அகழ்வில் நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டதும் பலரும் அறிந்தவை. அத்தாழிகளில் முதியோர் மட்டுமே இடப்பட்டனர் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் ஊர் மக்கள் சொல்லிவந்த கதை வேறு. பண்டைக் காலத்தில் கிழவர்க்குச் சாவே எளிதில் வருவதில்லை. ஆண்டு ஏற ஏற உடல் சுருங்கி, மாடக்குழியில் விளக்கோடு விளக்காக அமரும் அளவுக்குச் சிறுத்துவிடுவர். அதன்பின் சோறும் நீரும் உடன்வைத்துத் தாழியில் இறக்கிவிடுவர் என்பது அக்கதை. வரலாறாக இதற்கு மதிப்பில்லை. ஆனால் கிழவரைப் புதைத்து விட்டதாகச் சொல்ல மனம் ஒப்பாமல், சிறுகச் சிறுக வீட்டுக்குள்ளேயே கரைந்தார் என்று சொல்லிக்கொண்ட ஒரு குமுகாயத்தின் உள்ளம் அதில் தெரிகிறது.

கல்லும் தாழியும் போக, நாட்டுப்புறத்து மூத்தோர்க்கு மெய்யாக வாய்த்த நினைவுச் சின்னங்கள் மூன்று. ஒன்று பெயரனின் பெயர். மற்றொன்று சாவு வீட்டில் பெண்கள் பாடும் ஒப்பாரி. பிறிதொன்று ஆண்டுதோறும் வீட்டில் இடப்படும் படையல். இம்மூன்றும் எழுத்தறியாதவரால் காக்கக்கூடியவை; நிலமில்லாதவரால் கூடச் சுமந்து செல்லக்கூடியவை. கடல் கடந்து ஜொகூர் மாநிலத்துக்கு வந்த தமிழர் இவற்றை அவ்வாறே சுமந்து வந்தனர். வந்த இடத்தில் இவை ஒன்றன்பின் ஒன்றாக எவ்வாறு நைந்தன என்பதே இங்குக் கருதத்தக்கது.

ஜொகூரில் ரப்பர் வருவதற்கு முன் மிளகும் காசுக்கட்டியும் விளைந்தன. ஆற்றோரங்களில் சீனர் அமைத்த கங்கார் என்னும் குடியிருப்புகளின் பெயர் கங்கார் பூலாய் முதலிய இடங்களில் இன்றும் நிலவுகிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் நாற்றுகள் வணிகப் பயிராக மாற இருபது ஆண்டுகள் பிடித்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபின் ஜொகூர்க் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்களாயின. கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை 1909இல் திறக்கப்பட்டது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று அப்பாதையை ஒட்டி நீளும் ஊர்களின் பெயர்கள், தோட்டத் தமிழர் வாழ்வின் வரைபடம் போன்றவை. ஜொகூர் பாரு நகரின் இராஜ மாரியம்மன் கோயில் 1911இல் தோன்றியது. தாலிபோல் இரு கரையையும் பிணைத்த சிங்கப்பூர்ப் பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது. ஊர் உருவான காலமும் தமிழர் வந்த காலமும் இங்கு ஏறத்தாழ ஒன்றே.

வந்தவர் யார் என்பதை நோக்கவேண்டும். சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சஞ்சிக்கூலிகளாகவும், பின்னர்க் கங்காணிமார் திரட்டிய ஆட்களாகவும் வந்தவர்கள் உடல்வலி மிக்க இளைஞர். கிழவனைக் கப்பலேற்றக் கங்காணிக்குக் காசு கிடையாது. பெண்களும் குறைவு, 1911ஆம் ஆண்டுக் கணக்கின்படி மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் முந்நூறு பேர் அளவிலேயே இருந்தனர். ஆகவே தொடக்க காலத் தோட்டம் பாட்டனும் பாட்டியும் இல்லாத ஊர். தமிழ் மண்ணில் அப்படி ஓர் ஊரை எவரும் கண்டிருக்க மாட்டார்.

சாவு மட்டும் குறையவில்லை. காட்டை அழித்த இடத்தில் மலேரியா பெருகிற்று. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலாயாவின் சில தோட்டங்களில் ஓராண்டில் ஆயிரம் தொழிலாளருக்கு இருநூறு பேருக்கு மேல் மாண்டனர் என்பதை மருத்துவர் மால்கம் வாட்சன் திரட்டிய கணக்குகள் காட்டுகின்றன. மாண்டவர் பெரும்பாலும் இருபதும் முப்பதும் வயதினர். அழுவதற்குத் தாய் இல்லை. கொள்ளி வைக்க மகன் இல்லை. பெயரைத் தாங்கப் பெயரன் இல்லை. ஊரிலிருந்த தாய்க்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதும் எழுதத் தெரிந்த ஒருவரின் இரக்கத்தைப் பொறுத்திருந்தது.

உயிர் தப்பி வயது முதிர்ந்தோரும் தோட்டத்தில் தங்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் உழைத்துக் கொஞ்சம் பணத்தோடு ஊர் திரும்புவதே பலர் எண்ணம். உழைக்க இயலாதவரைத் திருப்பி அனுப்புவதற்கென்றே 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியில் வழி இருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டத்தில் உழைப்பு இருந்தது. முதுமை ஊருக்கு ஏற்றுமதி செய்யப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தபின்தான், வந்தவர் வந்த இடத்திலேயே மூக்கும் நிலை பிறந்தது.

அந்நிலையும் நீடிக்கவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அவ்வாண்டிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடிக்கப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவருள் பெரும்பாலோர் தமிழர். வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் இரையானோர் கணக்கு முழுமையாக எவரிடமும் இல்லை. காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் உள்ளது. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கமாகியுள்ளனர். பெயர் தெரிந்த வீரன் ஒவ்வொருவனுக்கும் பெயரும் படையும் இறந்த நாளும் பொறித்த தனிக் கல் உண்டு. அதே பாதையில் மாண்ட தமிழனுக்கு அவ்வாறு ஒரு கல் இல்லை. அண்மை ஆண்டுகளில்தான் அந்நகரில் மலேசியத் தமிழரும் தாய்லாந்துத் தமிழரும் முயன்று, மாண்ட தமிழர் அனைவருக்குமாக ஒரு நடுகல்லை நிறுவினர். அகாலச் சாவுக்கே கல் என்னும் பழைய முறை இங்கே பொருந்தி வந்திருக்கிறது. எண்பது ஆண்டு கழித்து வந்தது என்பதே வேறுபாடு.

தோட்டங்களில் அச்சாவுகள் வேறொரு வகையில் தொல்லை தந்தன. இறந்த நாள் தெரியாது. நாள் தெரியாவிட்டால் திதி இல்லை. திதி இல்லாவிட்டால் எந்த நாளில் படைப்பது? இத்தகைய இடர்ப்பாட்டுக்கு ஊர் வழக்கில் விடை இருந்தது. நாள் அறியாச் சாவுக்கு அமாவாசையே நாள். ஆடியிலோ புரட்டாசியிலோ வரும் அமாவாசையைக் கைக்கொண்டனர். சயாமுக்குப் போனவன் ஒருநாள் திரும்பி வந்துவிட்டால் என்னாவது என்ற அச்சத்தால் தாலியைக் களையாமலும் படையல் இடாமலும் காத்திருந்த பெண்களும் உண்டு. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' என்னும் நாவல் 1993இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னரே தமிழில் அத்துயரம் நெடுங்கதை வடிவம் பெற்றது என்பது தமிழர் நினைவின் தாமதத்தைக் காட்டும்.

போருக்குப் பின் எஞ்சியவர்களே ஜொகூர்த் தோட்டங்களின் முதல் மூத்த தலைமுறை. 1950களில்தான் லயங்களில் தலை நரைத்த கூட்டம் ஒன்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. 1951இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. 55 வயதில் அப்பணத்தை எடுக்கலாம் என்றாயிற்று. முதுமைக்கு அரசாங்கம் குறித்த வயது அது. தொழிலை விட்டவர் தோட்டத்து வீட்டையும் விடவேண்டும் என்பது பொது முறையாதலால், மகனோ மருமகளோ அங்கு வேலை செய்தால்தான் கிழவனுக்கு லயத்தில் ஒரு மூலை கிடைத்தது. வேலை செய்யும் பெண்டிரின் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொண்டவர்கள் வயது முதிர்ந்த பெண்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார் தொட்டிலிலிட்ட பிள்ளைகள், பால் நிறுத்து முடியும் வரை அக்கிழவியரின் தாலாட்டில் வளர்ந்தன. அவர்களே பேறு பார்த்தனர். அம்மைக்கு வேப்பிலை இட்டனர். கிழவர்கள் மாலையில் கோயில் மண்டபத்தில் நல்லதங்காள் கதையும் பாரதமும் படிக்கக் கேட்டும் கூத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கியும் பொழுது போக்கினர். மாரியம்மன் திருவிழாவில் எந்த முறைக்குப் பின் எந்த முறை என்னும் வழக்கு அவர் வாயில்தான் இருந்தது. தோட்டத்துக்கு ஏட்டில் எழுதாத ஒரு வரலாறு உண்டானது அப்போதுதான்.

அவர்களில் ஒருவர் மறைந்தால் என்ன நடந்தது என்பது விரித்துச் சொல்லத்தக்கது. தோட்டத்துத் தச்சர் பலகை சேர்த்துப் பெட்டி அடிப்பார். தப்பு முழங்கும். பக்கத்துத் தோட்டங்களுக்குச் சைக்கிளில் ஆள் போகும். கோடித் துணி வரும் வரிசையில் பிறந்த வீடு எது, சம்பந்தி வீடு எது என்று உறவெல்லாம் வெளிப்படும். சாவு வீட்டில் ஒரு பகல் இருந்தால் ஒரு குடும்பத்தின் கொடிவழியைக் கண்ணால் காணலாம். நீர்மாலை எடுத்து, வாய்க்கரிசி இட்டபின், பெயரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் ஏந்திச் சுற்றி வருவர். சிறு பிள்ளைகளைச் சாவின் அருகே விடாத ஊரார், பாட்டன் சாவுக்கு மட்டும் பந்தத்தைக் கையில் கொடுத்து முன்னே நிறுத்தினர். பெயரன் என்னும் சொல்லின் பொருளைப் பிள்ளை அன்று கையில் தாங்கினான்.

இவற்றுக்கிடையே பெண்கள் வட்டமாய் அமர்ந்து ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு ஒப்பாரி பாடுவர். ஒப்பாரியை வெறும் அழுகை என்று ஒதுக்குவார் உண்டு. எழுதாத குடும்பத்துக்கு அதுவே எழுதிய வரலாறு. இறந்தவர் பிறந்த ஊர் எது, எந்தக் கையால் எதைக் கொடுத்தார், எவரோடு பகைத்தார், எந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தார் என்பனவெல்லாம் அதில் வரிசையாக வரும். பொன்னூஞ்சலும் மாளிகையும் கூறுவது பாட்டின் மரபு; கூரை ஒழுகும் லயத்துக் கிழவனும் அன்று ஒருநாள் மாளிகைக்கு உரியவன் ஆவான். மரபுச் சொற்களுக்கு நடுவே பாடுபவள் தன் சொந்தக் குறையையும் நுழைத்துவிடுவாள். உயிருள்ளபோது மாமனாரிடம் கேட்க முடியாததை அன்று அவள் கேட்பாள். கூடியிருப்போர் அதைத் தடுப்பதில்லை. மலேசியத் தோட்டப் பாடல்களைத் தொகுத்து ஆராய்ந்தவர்களுள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம் குறிப்பிடத்தக்கவர். தொகுக்கப்படாமல் போனவற்றின் அளவை எவரும் கணக்கிட முடியாது. ஒப்பாரி ஒருமுறை பாடப்படுவது. பாடியவளைக் கேட்டால் அடுத்த நாள் அவளுக்கே நினைவிருக்காது.

இதே தோட்டங்களில் வேறொரு தமிழ் மரபும் அருகிருந்தது. கிராணிமாருள்ளும் இரயில்வே ஊழியருள்ளும் யாழ்ப்பாணத்தார் பலர். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில், அவர் வாழ்க்கையைச் செய்யுளாக்கிப் படிப்பதும், அதனை அச்சிட்டு உற்றார்க்கு வழங்குவதும் வழக்கம். அதற்குக் கல்வெட்டு என்றே பெயர். கல் இல்லை, தாள்தான். ஆயினும் ஊர், குலவழி, கல்வி, தொழில், மணம், மக்கள், மறைந்த திதி ஆகியவை அனைத்தும் அதில் இருக்கும். பெரும்புலவர் அல்லாத ஊர்ப் பண்டிதர் ஒருவர் இயற்றிய அச்செய்யுள் இலக்கியத் தராசில் நில்லாது போகலாம். ஒரு சிற்றூர் ஆசிரியரோ உழவரோ வாழ்ந்த வாழ்வு நூறாண்டு கழித்தும் படிக்கக் கிடைப்பது அதனால்தான். கிராணி வீட்டுச் சாவுக்குக் கல்வெட்டு. தொழிலாளி வீட்டுச் சாவுக்கு ஒப்பாரி. ஒன்று அச்சேறியது; மற்றொன்று காற்றோடு போயிற்று. இரண்டும் ஒரே மொழியில், ஒரே தோட்டத்தில், அரைக் கல் தொலைவில் நிகழ்ந்தவை.

தொழிலாளி குடும்பங்களும் அச்சை அடைந்தது நாளேடுகள் வழியாக. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டங்களில் கூட்டமாய்க் கூடிப் படிக்கப்பட்டவை. நாளடைவில் மரண அறிவிப்பும் ஆண்டு நினைவஞ்சலியும் நாளேட்டில் இடம்பெற்றன. படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1948இல் அவசரகாலம் தொடங்கியபோது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை பெறவேண்டும் என்று ஆட்சியினர் கட்டளையிட்டனர். கலகக்காரரைப் பிரித்தறிய எடுத்த அப்படமே தோட்டத்துக் கிழவர் பலர்க்கு வாழ்நாளில் எடுத்த முதற்படம். பின்னாளில் அதையே பெருக்கிச் சுவரில் மாட்டினர், நாளேட்டுக்கும் அனுப்பினர். நினைவஞ்சலிகளில் பழைய முகங்கள் பல ஏன் சிரிப்பின்றி நேரே வெறித்து நோக்குகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிறந்த நாள் தெரியாதோர்க்கு ஆண்டு குத்துமதிப்பாக எழுதப்பட்டது. ஒப்பாரி ஒரு பகல் முழுதும் பாடியது, இங்கே ஒரு படமும் இரண்டு தேதியும் ஆயிற்று.

பெயரனின் பெயர் என்ன ஆயிற்று என்பதே தமிழாசிரியர்கள் சிறப்பாக எண்ணத்தக்கது. பெரியார் 1929ஆம் ஆண்டு இறுதியிலும் மீண்டும் 1954ஆம் ஆண்டு இறுதியிலும் மலாயா வந்தார். சீர்திருத்த எண்ணம் தோட்டங்களில் பரவிற்று. 1952இல் தொடங்கிய தமிழர் திருநாளும், தமிழ் முரசின் எழுத்தும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் ஊக்கமும் தனித்தமிழ்ப் பெயர்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. இளங்கோ, செங்குட்டுவன், மணிமேகலை, தமிழ்ச்செல்வி என்னும் பெயர்கள் லயங்களில் ஒலித்தன. குப்பன், காத்தான், முனியாண்டி, அஞ்சலை, கருப்பாயி என்னும் பெயர்கள் மறைந்தன. இதில் குறைகாண்பது எளிதன்று. பழம்பெயர்கள் பலவற்றில் சாதியின் சுவடும் மேலோர் இட்ட இழிவும் கலந்திருந்தன. அவற்றைக் கழற்றி எறிந்தது தன்மானச் செயல்.

ஆனால் குப்பன் என்னும் பெயரைச் சற்றே நின்று நோக்கலாம். முன் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து அப்பெயர் இடுவது ஊர் வழக்கு. எமன் இழிந்த பொருளென்று விட்டுப் போவான் என்பது நம்பிக்கை. ஆகவே குப்பன் என்னும் பெயருள் மாண்ட அண்ணன்மாரும் அக்காள்மாரும் உள்ளனர்; ஒரு தாயின் அச்சமும் உள்ளது. அப்பெயரைப் பெயரனுக்கு இட மறுத்த தந்தை செய்தது சரியே. எனினும் அதனோடு ஏன் அப்பெயர் வந்தது என்ற செய்தியும் போயிற்று. பின்னர் எண்கணிதமும் எழுத்துப் பொருத்தமும் வந்தபோது, இளங்கோவும் பெயரனுக்குக் கிடைக்காமல் போனான். பெயரன் என்ற சொல் நின்றது, பெயர் நிற்கவில்லை.

1968இல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் சட்டம் வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த மூத்தோர் பலர் அடுத்த ஆண்டுகளில் ரஜூலாக் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். மலேசியாவிலிருந்து அவ்வாறு சென்றோர் ஏறத்தாழ 60,000 பேர் என்பர். நாற்பது ஆண்டுக்கு முன் விட்டு வந்த ஊரில் அவரை அறிந்தார் இல்லை. அறிந்த பெயரர் இருந்த ஊரில் அவர்க்கு இடமில்லை. அவர்களுள் பலர்க்கு நெய்ப்பந்தம் பிடிக்க எவரும் அருகில் இருந்திருக்க மாட்டார்.

அதன்பின் தோட்டமே போயிற்று. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை ஏறியது. செம்பனை இருந்த இடத்தில் தாமான் எழுந்தது. பாசிர் கூடாங் துறைமுகம் 1977இல் இயங்கத் தொடங்கியது. ஜொகூர் பாரு 1994 சனவரி முதல் நாள் மாநகர் ஆயிற்று. ஒருகாலத்தில் மாநிலத்தின் பெரிய ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்றாக விளங்கிய மவுண்ட் ஆஸ்டின் இன்று கடைவரிசைகளும் அடுக்குவீடுகளும் நிறைந்த நகர்ப்பகுதி. அங்கு வெயிலில் காய்ந்த ஒட்டுப்பாலின் நாற்றத்தை அறிந்தவர் மிகச் சிலரே எஞ்சியிருப்பர். தோட்டத்து இடுகாடு தோட்டத்துக்குரிய நிலம். நிலம் கைமாறியபோது அதுவும் கைமாறியது. தலைமாட்டில் நட்ட பலகையும் மண்மேடும் மழைக்குக் கரையக் கூடியவை. இயந்திரம் வரும் வரை காத்திருந்தவை சிலவே. குடும்பங்கள் நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்து பிரிந்தபின், எந்த மேடு எவருடையது என்று காட்டக்கூடிய கிழவியும் இல்லாதபோது, சட்டம் துணைநின்றாலும் அடையாளம் காட்டுவார் யார்?

தோட்டங்கள் மறைந்தும் அவற்றின் பெயரை விடாது சுமப்பவை தமிழ்ப்பள்ளிகள். ஜொகூர் பாரு வட்டாரத்தில் தெப்ராவ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, மவுண்ட் ஆஸ்டின் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி, உலு திராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயர்ப்பலகைகளைக் காணலாம். சுற்றிலும் மாடிவீடுகள், பலகையில் தோட்டம். அங்குப் பயிலும் பிள்ளைகளுள் பால்மரத்தைக் கண்டிராதோர் பலர். பாட்டனின் பெயர் பிள்ளைக்கு வராமற் போன இடத்தில், தோட்டத்தின் பெயர் பள்ளிக்கு வந்திருக்கிறது. பிள்ளையின் தந்தை பெயரைக் கேட்டு எழுதும் ஆசிரியர், பாட்டன் பாட்டி பெயரையும் எந்தத் தோட்டம், எந்த லயம் என்பதையும் உடன்கேட்டு எழுதினால் ஒரு வரிக்கு மேல் ஆகாது. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் முதியோர் வாய்மொழியை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருக்கிறது. பாலத்துக்கு இப்பால் அத்தகைய வேலைக்குப் பொருள் குறைவில்லை, சொல்லும் வாய்கள்தாம் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன.

மூன்றனுள் நிலைத்திருப்பது படையல். தீபாவளிக்கு முதல் நாள் மாலையில் மலேசியத் தமிழர் இல்லங்களில் முன்னோர் படத்தின் முன் இலை விரிக்கப்படுகிறது. கோழிக்கறி, வடை, அதிரசம் ஆகியவற்றோடு இறந்தவர் விரும்பியதையும் வைப்பது முறை. பாட்டிக்கு வெற்றிலை, பாட்டனுக்குச் சுருட்டு, கள் விரும்பியவர்க்குக் கள் கிடைக்காவிடில் ஒரு புட்டி பீர். ஸ்கூடாயிலும் மாசாயிலும் அடுக்குவீட்டு மாடிகளில் கூட இது தவறுவதில்லை. பாட்டன் எந்தக் கப்பலில் வந்தார் என்பதும், எந்த ஊர்க்காரர் என்பதும், சில இல்லங்களில் அவர் பெயருமே மறந்து போயிருக்கும். அவர் சுருட்டு விரும்புவார் என்பது மறக்கப்படுவதில்லை. கடைசியில் வீட்டில் இளைய பிள்ளையை அழைத்து, அச்சுருட்டைப் பற்றவைத்து இலையோரம் வைக்கச் சொல்கிறார்கள்.